ஊர் மாறினாலும் மெட்டு மாறாதது ஏன்?

ஒரே பாட்டைத் தாத்தா கட்டைக் குரலிலும் தங்கை கீச்சுக் குரலிலும் பாடுகின்றனர். இரண்டும் ஒரே பாட்டு என்று உங்கள் செவி எப்படி அறிகிறது?

ஒரு வயலின் மெட்டின் பயணத்தைப் பாருங்கள். இன்று ‘மிஸ் மக்லவுட்’ எனப்படும் நடன மெட்டு, 1809-இல் ஸ்காட்லாந்தில் கவ் குடும்பத்தாரின் இசைத் தொகுப்பில் அச்சாயிற்று. அயர்லாந்திலும் அது பரவிற்று. குடியேறியவர்களுடன் கடல் கடந்து, அமெரிக்காவில் ‘அங்கிள் ஜோ’ என்னும் பெயரும் பெற்றது. கிராமத்துக் கலைஞர்களில் பலர் செவிவழியாகவே கற்றனர். எனவே சில சுரங்கள் உதிர்ந்தன. சில புதிதாக ஏறின. அயர்லாந்தில் விரைவான அணிச்சுரங்கள் சேர்ந்தன. அமெரிக்காவில் இரு தந்திகளைச் சேர்த்து இழைத்தனர்.

சுருதியும் மாறிற்று. ஸ்காட்லாந்தில் வழக்கமாக இம்மெட்டின் ‘ச’ 440 ஹெர்ட்ஸ், ‘ப’ 660. அயர்லாந்திலோ ‘ச’ 392, ‘ப’ 588. ‘ப’வை ‘ச’வால் வகுத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் விடை 1.5 தான்! அதிர்வெண்கள் மாறின, அவற்றின் விகிதம் மாறவில்லை. நம் செவி முக்கியமாகப் பற்றிக்கொள்வது இந்த விகிதங்களையும் தாளத்தையுமே.

நீங்களே சோதித்துப் பாருங்கள். தெரிந்த பாட்டொன்றைச் சொல் இல்லாமல், சுருதியை உயர்த்தி முணுமுணுங்கள். நண்பன் கண்டுபிடித்துவிடுவான். அடுத்து, நடுவே சில சுரங்களை மட்டும் ஏற்றி இறக்குங்கள். எதுவரை அவனால் கண்டுபிடிக்க முடிகிறது?