நித்தியகல்யாணி: வெயில் நிறைய, தண்ணீர் கொஞ்சம்... கஷாயம் மட்டும் வேண்டவே வேண்டாம்!

மொட்டை மாடியில் புதிதாகத் தோட்டம் போடுபவர்களுக்கு நர்சரியில் முதலில் கைகாட்டப்படும் செடிகளில் ஒன்று நித்தியகல்யாணி. விலை குறைவு, வெயில் தாங்கும், வருஷம் முழுக்கப் பூக்கும். “இது சாகவே சாகாது, தைரியமா எடுத்துட்டுப் போங்க” என்ற உத்தரவாதம் வேறு. ஆனாலும், வாங்கி வந்த மூன்றே வாரத்தில் செடி தலை தொங்கி நிற்பதுண்டு. பெரும்பாலும் காரணம், பாசத்தோடு ஊற்றிய தண்ணீர்!

இதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. நம்ம ஊரில் காம்பவுண்டு சுவர் வெடிப்பிலும் மயானத்திலும் தானாகவே முளைத்துக் கிடக்கும். ‘சுடுகாட்டு மல்லி’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். அங்கே யாரும் அதற்குக் குடம் குடமாகத் தண்ணி ஊற்றுவதில்லை.

மதிய வெயிலில் இதன் இலைகள் சுருண்டு வாடினாற்போலத் தெரியும். பதறி உடனே தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாயந்திரம் தானே நிமிர்ந்துவிடும். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் இலை மேல் தெளிக்காமல் அடிமண்ணில். மாறாக, மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால்தான் கவலைப்பட வேண்டும். தண்டின் அடிப்பகுதி கறுத்திருந்தால் அது பூஞ்சை போன்ற கிருமிகளால் வரும் அழுகல் நோய். அந்தச் செடியைக் காப்பாற்றுவது கஷ்டம். பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே மண்ணில் இன்னொரு நித்தியகல்யாணியை நடாமல் இருப்பது நல்லது.

அடியில் துளையுள்ள எட்டு அங்குலத் தொட்டி போதும். தோட்ட மண்ணோடு மணலும் கொஞ்சம் மட்கிய தொழு உரமும் கலந்தால் தண்ணீர் தேங்காது. ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் கட்டாயம். பால்கனி நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். உரத்தை அள்ளிப் போட்டாலும் அதே கதைதான். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் புதராகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொட்டியை சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிட வேண்டும். ஒரு வாரம் விடாமல் பெய்யும் மழை, ஒரு முழு கோடையைவிட இதற்கு ஆபத்தானது.

பூக்கள் பச்சையாகி இலை மாதிரி மாறினால்? அதைப் புது ரகம் என்று நினைத்து ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம். தத்துப்பூச்சிகள் பரப்பும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் நோய் அது. செடியை அப்புறப்படுத்துவதுதான் வழி.

ஆடு தொடாத செடி

வளர்ப்பது இவ்வளவு சுலபம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. “தினமும் ஐந்து பூ கொதிக்க வைத்துக் குடித்தால் சுகர் ஓடிப்போகும்” என்ற ரக வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள். இந்த நம்பிக்கை புதிதல்ல. 1952-ல் கனடாவில் ராபர்ட் நோபல் என்ற ஆய்வாளரிடம் ஜமைக்காவிலிருந்து இந்த இலைகள் வந்து சேர்ந்ததே, அங்கே சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடிக்கிறார்கள் என்ற தகவலோடுதான். சோதித்துப் பார்த்தால் எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. குறைந்தது ரத்த வெள்ளை அணுக்கள்.

ரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள்தானே கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன? அந்தக் கோணத்தில் நகர்ந்த ஆய்வில், நோபலும் சார்லஸ் பியரும் வின்பிளாஸ்டின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவன ஆய்வகத்திலிருந்து வின்கிறிஸ்டின் வந்தது. குழந்தைகளைத் தாக்கும் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் இன்றும் அது முக்கிய மருந்து. தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிரிடப்படுவதும் மருந்துத் தேவைக்காகத்தான். கொஞ்சம் மருந்து எடுக்கவே டன் கணக்கில் காய்ந்த இலை வேண்டும்.

“அப்போ நல்ல மூலிகைதானே?” என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விதான் பலரையும் கஷாயத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. செல்கள் பிரிந்து பெருகுவதைத் தடுப்பதுதான் இந்த மருந்துகளின் வேலை. எலும்பு மஜ்ஜையில் நல்ல செல்களும் ஓயாமல் பிரிந்துகொண்டேதான் இருக்கின்றன. அதனால்தான் வின்கிறிஸ்டினை நரம்பு ஊசியாக, ரத்தப் பரிசோதனையோடு கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கே ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. உங்கள் தொட்டிச் செடியின் ஐந்து பூவில், பத்து இலையில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று எந்த ஃபார்வர்டாலும் சொல்ல முடியாது. செடிக்குச் செடி அது மாறும்.

செடியைத் தின்றால் வாந்தி, வயிற்றுவலி வரலாம். கை கால் மரத்துப்போவது, வெள்ளை அணுக்கள் சரிவது வரை போகலாம். கர்ப்பிணிகள் பக்கத்திலேயே சேர்க்கக் கூடாது. கசப்பு தாங்காமல் ஆடு மாடுகள் பொதுவாக இதில் வாய் வைப்பதில்லை. அவற்றுக்கு வாட்ஸ்அப் இல்லை என்பதும் ஒரு வசதி.

கிளையை வெட்டினால் வடியும் பாலைக் கழுவிவிடுங்கள். தவழும் குழந்தையோ, எதையும் மெல்லும் நாய்க்குட்டியோ வீட்டில் இருந்தால் தொட்டியைக் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது. வீட்டுப் பெரியவர் யாராவது ஏற்கெனவே கஷாயம் குடித்துக்கொண்டிருந்தால், இன்றே நிறுத்தச் சொல்லி, சுகர் பார்க்கும் டாக்டரிடம் செடியின் பெயரையும் எத்தனை நாளாகக் குடித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்த அணுக்கள் பரிசோதனை தேவையா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.