ஏரிக்காக ஒலித்த குரல்

குட்டீஸ், பழவேற்காடு ஏரி தெரியுமா? சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான்! பூநாரைகள் கூட்டமாக வரும். முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் வந்து போவதால் இறாலும் நண்டும் பெருகும். அவற்றை நம்பித்தான் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன.

ஏரிக்குத் தெற்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிவாக்க அதானி நிறுவனம் திட்டமிட்டது. 'கரையைக் கடல் அரிக்கும். மீன்வளம் போய்விடும்' என்று மீனவர்கள் அஞ்சினார்கள். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22-ல் நடக்கும் என்று அறிவிப்பு வந்தது.

மீனவர்களின் கவலை நகரத்துக்கு எட்ட வேண்டுமே! இளைஞர்கள் ட்விட்டரில் 'ஸ்டாப் அதானி சேவ் சென்னை' என்ற ஹேஷ்டேக்கைப் பரப்பினார்கள். கொசஸ்தலை ஆற்று வெள்ளம் வடியும் வழி அடைபட்டால் சென்னைக்கும் ஆபத்து என்று எச்சரித்தார்கள். கிராமத்துப் பிரச்னை ஊர்ப் பிரச்னை ஆனது!

கொரோனாவைக் காரணம் காட்டி அந்தக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5-ல் நடக்க இருந்த கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது.

ஹேஷ்டேக் மட்டும் போதுமா? போதாது. கூட்டத்தில் நேரில் பேசலாம், எழுதியும் அனுப்பலாம். அதற்கு ஆட்களைத் திரட்டத்தான் சமூக வலைதளம்.

ஒரு விஷயம் குட்டீஸ்! எந்தப் படத்தையும் 'எந்த ஊர், எந்த நாள்' என்று விசாரித்த பிறகே பகிரும்படி வீட்டில் சொல்லுங்கள். ஒரு பொய் கலந்தாலும் மீனவர்களின் உண்மையை யாரும் நம்பமாட்டார்கள்!