நுகேகொடையில் வாங்கிய 'லோ' கார் ஏ9 வீதியில் ரயர் தின்கிறதா? பாகம் வாங்க முன்னர் அளவுத் தாளை வாசியுங்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் கார் வாங்க நினைத்தவர்களுக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார்களே மிஞ்சின. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ அக்காவோ அனுப்பிய காசுடன் கிளிநொச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கி, நுகேகொடை, மகரகமை பக்கம் கார் பார்த்துத் திரிந்தவர்கள் எம்மவரில் பலர். கையில் இருந்த தொகைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பழைய ஹொண்டா சிவிக், மிட்சுபிஷி லான்சர், டொயோட்டா கொரோலா.

அவற்றில் கணிசமானவை முன்னைய சொந்தக்காரரால் 'லோ' பண்ணப்பட்டவை. அதாவது ஸ்பிரிங்கை வெட்டியோ, குட்டை ஸ்பிரிங் போட்டோ, கார் நிலத்தோடு ஒட்டினாற்போல் இறக்கப்பட்டிருக்கும். பார்க்க அழகுதான். ஊருக்குக் கொண்டுபோய் மூன்று நான்கு மாதம் ஓடிய பிறகு முன் ரயரின் உள்விளிம்பில் கம்பி தெரியத் தொடங்கும்போதுதான் தலையிடி தொடங்குகிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு ஒரு சோடி ரயர் என்பது சின்னச் செலவு அல்ல. ஹயர் ஓடிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது ஒரு மாத லீசிங் கட்டணத்தை விழுங்கிவிடும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் "தம்பி, கெம்பர் கிட் ஒன்று போட வேணும்" என்பார். வாங்க முன்னர் ஒரு விடயம்: உங்கள் காருக்கு எந்தப் பாகமும் தேவைப்படாமலே இருக்கலாம்.

ரயரைத் தின்பது எது?

முன்சில்லுகளின் இருப்பை மூன்று கோணங்கள் தீர்மானிக்கின்றன. காரின் முன்னால் நின்று பார்க்கும்போது சில்லின் மேற்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கெம்பர். (சிலர் 'கம்பர்' என்றே சொல்வார்கள். இராமாயணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது, சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதுபோல ஸ்ரியரிங் திரும்பும் அச்சு சாய்ந்திருப்பது காஸ்ரர். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன்சில்லுகளும் நேராக இல்லாமல், நாங்கள் நிற்கையில் கால் பெருவிரல்கள் திரும்பியிருப்பதுபோல உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது ரோ.

காரை இறக்கும்போது கீழேயுள்ள லோவர் ஆமின் வெளிமுனை மேலே போகிறது. சில்லின் தலை உள்ளே சாய்கிறது. இது கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லாப் பழியும் கெம்பர் மேலே விழுகிறது. அதே நேரத்தில் ஸ்ரியரிங்கிலிருந்து சில்லுக்குப் போகும் ரை றொட்டும் சரிவு மாறுகிறது. அது லோவர் ஆமைப்போல அதே வளைவில் நகர்வதில்லை. ஆகவே ரோவும் மாறிவிடுகிறது. காரின் அமைப்பைப் பொறுத்து உள்ளேயும் போகலாம், வெளியேயும் போகலாம். இது கண்ணுக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒவ்வொரு முன்சில்லும் வெறும் 0.2 பாகை வெளியே திரும்பியிருக்கிறது என்று வையுங்கள். 15 அங்குல ரிம்மில் அளந்தால், இரண்டு சில்லுகளுக்கும் இடையே முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் 2.7 மில்லிமீற்றர்தான். ஆனால் கார் நேரே போகும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அந்த ரயர் 3.5 மீற்றர் தூரம் பக்கவாட்டில் இழுபடுகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். ஒருமுறை ஊருக்குப் போய்ச் சேரும்போது ஒவ்வொரு முன்ரயரையும் கிட்டத்தட்ட 1.4 கிலோமீற்றர் தார் வீதியில் பக்கவாட்டில் உரசியிருக்கிறீர்கள். சில்லு 1 அல்லது 1.5 பாகை உள்ளே சாய்ந்திருப்பது, ரோ சரியாக இருக்கும்வரை, இந்த அளவு நாசம் செய்வதில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் உள்விளிம்பு சில மாதங்களில் போய்விடுகிறது.

இதை நீங்களே கையால் சோதிக்கலாம். ரயரின் முகத்தில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறையும், வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் வாள்ப்பல் போலவும் பட்டால் அது பெரும்பாலும் ரோவின் வேலை. இரண்டு திசையிலும் வழுவழுப்பாக, உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கெம்பரைச் சந்தேகிக்கலாம்.

ரோவைத் திருத்த எந்தப் பாகமும் வாங்கத் தேவையில்லை. எல்லாக் கார்களிலும் ரை றொட்டில் அதற்கான மரை இருக்கிறது. வீல் எலைன்மென்ற் கட்டணம் மட்டுமே செலவு.

தாளைக் கேட்டு வாங்குங்கள்

கணினி மூலம் எலைன்மென்ற் பார்க்கும் இடங்களில் திருத்த முன்னர் இருந்த அளவும் திருத்திய பிறகு உள்ள அளவும் அச்சாகி வரும். கேட்டால்தான் தருவார்கள், பல இடங்களில். கட்டாயம் கேளுங்கள். நுகேகொடையிலோ தெல்கந்தவிலோ வேலைத்தளத்தில் பேச்சு முழுவதும் சிங்களத்தில் நடக்கும். எங்களில் பலர் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். கெம்பர், காஸ்ரர், ரோ என்ற மூன்று சொற்களும் சிங்களத்திலும் இவைதான். அந்தத் தாளும் இலக்கத்தில்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு வவுனியாவில் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடமும் விளக்கம் கேட்கலாம்.

வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில இயந்திரங்கள் 0.20 என்று அச்சிடும், சில 0°12' என்று அச்சிடும். இரண்டும் ஒன்றே, ஒரு பாகைக்கு 60 கலை. 0°12' ஐ 0.12 என்று வாசித்தால் கணக்குப் பிழைக்கும்.

இடது, வலது கெம்பர் இரண்டுக்கும் இடையே அரைப் பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். அப்படி வித்தியாசம் இருந்தால் அது இறக்கியதால் மட்டும் வந்திராது. வளைந்த லோவர் ஆம், அடிபட்ட ஸ்ரட், உருக்குலைந்த புஷ் என்று ஏதோ ஒன்று இருக்கும். பழைய விபத்தொன்றை மறைத்து விற்றிருக்கவும் கூடும். அதற்குமேல் கெம்பர் கிட் போட்டு இலக்கத்தைச் சரிக்கட்டுவது, காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பது போன்றது.

எந்தக் காருக்கு எது?

தேய்ந்த புஷ்களையும் போல் ஜொயின்ற்களையும் மாற்றி, ரோவையும் சரிசெய்த பிறகும் கெம்பர் 2 பாகைக்கு மேல் உள்ளே நிற்கிறது என்றால், அப்போது பாகத்தைப் பற்றி யோசிக்கலாம்.

லான்சர், கொரோலா, 2000க்குப் பிந்திய சிவிக் ஈஎஸ் போன்றவற்றில் முன்னால் இருப்பது மக்பேர்சன் ஸ்ரட். ஸ்ரட்டின் அடிப்பகுதி சில்லுத் தாங்கியுடன் இரண்டு போல்ற்களால் பூட்டப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு, நடுவில் மையம் விலகிய போல்ற் ஒன்றைப் போடுவதுதான் கெம்பர் போல்ற். அதைத் திருப்பத் திருப்பச் சில்லு சாயும். கூட்டியும் குறைத்தும் சுமார் ஒன்றரைப் பாகை அசைக்கலாம். விலை குறைவு, சத்தம் வராது, பிடிக்காவிட்டால் பழைய போல்ற்றையே போட்டுவிடலாம். வீதியில் மட்டும் ஓடும் காருக்கு என் தெரிவு இதுதான். ஒரே குறை, அதன் உடல் பழைய போல்ற்றைவிட மெல்லியது. குறிப்பிட்ட முறுக்கு விசையில் இறுக்காவிட்டால் பெரிய குழியில் விழும்போது நழுவும். 'கை அளவில்' இறுக்குபவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

ஸ்ரட்டின் தலையில் பூட்டும் கெம்பர் பிளேற் அடுத்தது. பொனற்றைத் திறந்தே நகர்த்தலாம் என்பதால் பந்தயக்காரருக்கு வசதி. ஆனால் அதில் றப்பருக்குப் பதிலாக உலோகக் குண்டு மூட்டு இருக்கும். வன்னிப் புழுதியும் மாரி மழையும் அதை விட்டுவைக்காது. ஒரு வருடத்துக்குள் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்கும். வாரத்தில் ஏழு நாளும் ஓடும் காருக்கு இது வேண்டாம்.

நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் லோவர் ஆமும் விற்கிறார்கள். அதைக் குறுக்கினால் சில்லின் அடிப்பகுதி உள்ளே வந்து சாய்வு குறையும் என்பது உண்மை. அதோடு சில்லு அகலமும் குறைகிறது, கியர்ப்பெட்டியிலிருந்து வரும் றைவ் ஷாஃப்ற்றும் உள்ளே தள்ளப்படுகிறது. வேகத்தடை ஏறும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வரும் அடியெல்லாம் அந்த ஒரு மரை வழியாகத்தான் போகிறது. நல்ல தயாரிப்பு என்றால் பிழையில்லை. மலிவுத் தயாரிப்பு என்றால் உயிரோடு விளையாட்டு.

1990களின் சிவிக் ஈஜி, ஈகே வகைகள் வேறு சாதி. அவற்றில் மேலே ஒரு ஆம், கீழே ஒரு ஆம். இங்கே கெம்பர் போல்ற்றுக்கு இடமே இல்லை. மேல் ஆமை நீட்டினால் சில்லின் தலை வெளியே வரும். ஆகவே நீளம் மாற்றக்கூடிய மேல் ஆம்தான் தேவை. ஈகேக்கு என்று ஸ்ரட்டுக்கான கெம்பர் போல்ற்றை விற்க வருபவர் காரையே பார்க்காதவர்.

போல் ஜொயின்றை நீட்டி லோவர் ஆமின் சரிவை மீட்கும் பாகங்களும் உண்டு. அதை மட்டும் போட்டு ரை றொட் முனையை அதே அளவு இறக்காமல் விட்டால், சில்லு மேலே எழும்பும் ஒவ்வொரு தடவையும் ஸ்ரியரிங்கைத் தொடாமலே கார் திரும்பப் பார்க்கும். மணிக்கு 70 கிலோமீற்றரில் மதகு ஒன்றில் ஏறி இறங்கும்போது அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. போட்டால் இரண்டையும் போட வேண்டும், இல்லையேல் இரண்டும் வேண்டாம்.

வெல்டிங் வேண்டாம்

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார் ஓடிய கதை எங்களில் பலருக்குத் தெரியும். பெற்றோல் இல்லை, பற்றரி தடை, உதிரிப்பாகம் கண்ணில் காண்பதே அரிது. சில துளி பெற்றோலில் ஸ்ராற் பண்ணி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரினையும் மொறிஸையும் ஓட்டிக் காட்டியவர்கள் எங்கள் மெக்கானிக்மார். நோயாளரும் கர்ப்பிணிகளும் அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரி போனார்கள். அந்தக் கைத்திறனுக்குப் பெருமை உண்டு.

ஆனால் அந்தப் பழக்கம் ஒன்று இன்னும் நிற்கிறது. லோவர் ஆமை வெட்டி ஒட்டுவது, ரை றொட்டைச் சூடாக்கி வளைப்பது, போல் ஜொயின்றில் வெல்டிங் பிடிப்பது. அன்று வெறிச்சோடிய ஒழுங்கையில் மெல்ல உருண்டதைத் தாங்கியது, இன்று பஸ்களும் கன்டெய்னர்களும் ஓடும் ஏ9 வீதியில் தாங்காது. சூடேறிய இரும்பு எங்கே பலவீனப்பட்டிருக்கிறது என்று வெளியே தெரியாது.

பஞ்சிகாவத்தையில் தேடினால் யப்பானிலிருந்து வந்த றீகண்டிஷன் பாகங்கள் கிடைக்கும். கண்ணாடிக்கும் கதவுக்கும் அது சரி. சில்லைத் தாங்கும் மூட்டுகளுக்குப் புதியதையே வாங்குங்கள். பெயர்பெற்ற எந்த முத்திரைக்கும் போலி வரும் என்பதால் பெட்டியை நம்பாமல் பொருளைப் பாருங்கள். போல் ஜொயின்றை விரலால் அசைத்தால் இறுக்கமாக, சீராக அசைய வேண்டும். தளர்வாக ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். றப்பர் உறையில் வெடிப்பு இருக்கக் கூடாது. மரையுள்ள பாகமென்றால் பூட்டு நட் இருக்க வேண்டும். எல்லையளவு வெளியே இழுத்த நிலையிலும், மரையின் விட்டத்தை விடக் கூடிய நீளமாவது உள்ளே பிடித்திருக்க வேண்டும். ரசீதில் பாகத்தின் இலக்கத்தை எழுதி வாங்குங்கள்.

பூட்டும்போது அதிகம் தவறவிடப்படுவது ஒன்று. லோவர் ஆம் புஷ் போல்ற்றுகளைக் கார் ஜக்கில் தொங்கும்போது இறுக்கிவிடுவார்கள். இறக்கியதும் றப்பர் முறுகியபடியே நிற்கும், சில மாதங்களில் கிழிந்துவிடும். சில்லுகள் நிலத்தில் நிற்க, காரின் பாரம் முழுவதும் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு. பிறகு சில நாள் ஓட்டி ஸ்பிரிங் அமர்ந்ததும், காற்றைச் சமப்படுத்தி, முடிந்தால் சாரதி ஆசனத்தில் ஆளை இருத்தி அளவெடுக்க வேண்டும். முதலில் கெம்பர், கடைசியாக ரோ. கெம்பரைத் தொட்டால் ரோவும் அசையும் என்பதால் இந்த ஒழுங்கை மாற்ற முடியாது.

வெட்டிய ஸ்பிரிங் என்றால் இத்தனை பாடுபடுவதில் பயனில்லை. கொம்பனி ஸ்பிரிங் ஒரு சோடி வாங்கிப் போட்டால் கெம்பரும் ரோவும் பெரும்பாலும் தாமே எல்லைக்குள் வந்துவிடும், முல்லைத்தீவுப் பக்கக் கிறவல் வீதியில் அடித்தட்டும் இடிக்காது. இறக்கியபடியே வைத்திருப்பதென்றால், காப்புறுதி நிறுவனத்துக்கு அந்த மாற்றத்தை எழுத்தில் அறிவித்துப் பதிலை வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி வரும்போது கையில் கடிதம் இருக்க வேண்டும்.

சரிசெய்த ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ற்றின் மேலும் குறுக்காக ஒரு வெள்ளைப் பெயின்ற் கோடு இழுத்து விடச் சொல்லுங்கள். கோடு உடைந்திருந்தால் நட் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். முறிகண்டியில் தேங்காய் உடைக்க எப்படியும் நிறுத்துவீர்கள். அப்போது ஸ்ரியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி விட்டு, கோட்டையும் பார்த்து, ரயரின் உள்விளிம்பையும் ஒருமுறை கையால் தடவிவிட்டு ஏறுங்கள்.