மூலிகைக்கு வெயிலா, நிழலா?

காரைக்குடி வட்டாரத்துச் செம்மண் புன்செய்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. இங்கே மூலிகை பயிரிட விரும்பும் சிறு விவசாயிகள், எந்த மூலிகைக்கு விலை அதிகம் என்று பார்ப்பதற்கு முன், தம் நிலத்தில் வெயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வெயில் கேட்கும் செடியைத் தோப்பிலும், நிழல் கேட்கும் செடியைப் பொட்டலிலும் நட்டால் செலவுதான் மிஞ்சும்.

வெயிலுக்கு நிலாவாரை

திறந்த மானாவாரி நிலத்திற்கு ஏற்றது சென்னா எனப்படும் நிலாவாரை. இதனை அவுரி என்றும் சொல்வர். சாயம் எடுக்கும் அவுரி வேறு. உலகச் சந்தையில் இது நெல்லையின் பெயரால் ‘டின்னவெல்லி சென்னா’ என்றே வழங்குகிறது.

கடைசி உழவில் ஏக்கருக்கு 4 டன் மக்கிய தொழு உரம் இட்டு, புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கலாம். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை தேவை. வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விட வேண்டும். நிழலில் செடி நெட்டையாக ஓடி இலை குறையும். நீர் தேங்கினால் அழுகிவிடும், வடிகால் அவசியம். இலை தின்னும் புழுவுக்கு 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். விதைத்த இரண்டு மாதத்திற்குப் பின் முதல் பறிப்பும், அடுத்த ஒரு மாதத்தில் இரண்டாம் பறிப்பும் செய்யலாம்.

நிழலுக்கு வல்லாரை

கிணற்றுப் பாசனமுள்ள தென்னந்தோப்பில் வல்லாரை வளரும். இதற்குப் பாதி நிழலும் எப்போதும் ஈரமும் வேண்டும். வேர்விட்ட கொடித் துண்டுகளை நட்டால் மூன்று மாதத்தில் அறுக்கலாம். பொட்டலில் நட்டால் இலை சிறுத்துக் கருகும். தண்ணீர்ச் செலவும் கூடும். கழிவுநீர் பாய்ச்சக் கூடாது.

நிழல் அவ்வளவு அடர்த்தியில்லாத தோப்புக்கு நிலவேம்பு ஏற்றது. இது வெயிலிலும் வரும். ஓரளவு நிழலையும் தாங்கும். பூக்கும் தருணத்தில் அறுத்தால் மருந்துச் சத்து மிகுதியாக இருக்கும்.

உலர்த்துவது நிழலில்

வெயிலில் வளர்ந்த நிலாவாரையையும் நிழலில்தான் உலர்த்த வேண்டும். காற்றோட்டமான கொட்டகையில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டால் 7 முதல் 10 நாளில் காயும். கொளுத்தும் வெயிலில் காய்ந்த இலை பசுமை இழந்து விலை குறையும். முதல் பறிப்பு கார்த்திகை, மார்கழி மழையில் அகப்படக் கூடும். எனவே விதைக்கும்போதே கொட்டகைக்கு வழி செய்து கொள்ள வேண்டும்.

இலையே மருந்தாவதால் அதில் நஞ்சு தங்கக் கூடாது. இயற்கை முறை விளைபொருள் என்று விற்கத் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்யலாம். ஓராண்டுப் பயிருக்குப் பொதுவாக 2 ஆண்டு மாறுதல் காலம் உண்டு. மண் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

வாங்குவோரிடம் விலையும் அளவும் எழுத்தில் பெற்ற பின்பே விதைப்பது நல்லது. முதல் பருவத்தில் 10 சென்ட் போதும். அதில் கண்ட பலனை வைத்து மறு ஆண்டு பரப்பைக் கூட்டிக் கொள்ளலாம்.