ஒக்கி அடித்த கரைக்கு வந்த கோப்பை

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர் கடற்கரை. ஆழ்கடலில் சுறா பிடிப்பதற்குப் பேர்போன இந்தக் கரைக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு, கால்பந்து! அங்கே இரவிபுத்தன்துறை ஊர்க்காரர்கள்தான் மைக்கேல் ரெஜினும் தம்பி சூசைராஜும்.

2017-18 ஐ-லீக்கில் இருவருமே சென்னை சிட்டி அணி. சீசன் தொடங்கிய கையோடு ஒக்கிப் புயல் வந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் இந்தக் கரையில்தான் எத்தனை! அணிக்கும் கிடைத்தது பத்தில் எட்டாம் இடம்தான். ஆனாலும் சூசைராஜின் ஆட்டத்தைப் பார்த்து ஐ.எஸ்.எல். அணியான ஜாம்ஷெட்பூர் அவரைக் கூட்டிப்போனது.

அண்ணன் அங்கேயே இருந்தார். அடுத்த சீசனின் கடைசி ஆட்டம், 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். மூன்றாவது நிமிடமே மினர்வா பஞ்சாப் கோல் போட, ரசிகர்களுக்கு வயிறு கலங்கியது. பெட்ரோ மன்ஸி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா இரண்டு கோல். 3-1! கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. ஆனாலும் ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று சென்னை சிட்டி சாம்பியன்.

மறு வருடம் தம்பியின் ஏ.டி.கே. அணியும் ஐ.எஸ்.எல். பட்டம் வென்றது. ஆனால், கொரோனா பயத்தில் கோவா ஸ்டேடியத்தில் கைதட்ட ஒரு ரசிகர்கூட இல்லை.