கருவியும் கல்லாவும் – 9: ஒரு கிராம் குறைவு, ஒரு பில் அதிகம்

2019 அக்டோபரில் சீனாவின் டிஜேஐ நிறுவனம் 'மேவிக் மினி' என்ற குட்டி ட்ரோனை அறிமுகப்படுத்தியது. மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தப் பொடியனின் எடை 249 கிராம். அதே ட்ரோன் ஜப்பானுக்குப் போனபோது மட்டும் பேட்டரியைச் சிறிதாக்கி 199 கிராமுக்கு இளைக்க வைத்தார்கள். காரணம் சட்டம். அமெரிக்காவில் ட்ரோன் 250 கிராமைத் தாண்டினால் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவரும் பதிவு செய்தாக வேண்டும். ஜப்பானில் அந்தக் கோடு அப்போது 200 கிராமில் இருந்தது. விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தராசில் நிறுத்துச் செய்த கேமரா அது.

கும்பகோணத்திலிருந்து சோழபுரம் வழியாக அணைக்கரை போகும் சாலையில் இருக்கிறது திருப்பனந்தாள். காசித் திருமடமும் செஞ்சடையப்பர் கோயிலும் ஊருக்கு அடையாளம். நான்கு பக்கமும் நெல்வயல். இங்கே ஒருவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்யாண ஆர்டர் பேச வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டுவதற்கு முன்பே "ஹெலிகேம் உண்டுங்களா?" என்கிறார்கள். ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா என்று அவர் யோசிக்கிறார். கடைக்காரரிடம் அவர் முதலில் கேட்க வேண்டியது 'எத்தனை மெகாபிக்சல்' என்பதல்ல, 'எத்தனை கிராம்' என்பது.

இந்தியாவின் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25-ல் வந்தவை. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 2 முதல் 25 கிலோ வரை ஸ்மால் என்று அவை ட்ரோன்களைப் பிரிக்கின்றன. நானோ ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட்டாலும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைச் சொந்த ஆசைக்குப் பறக்கவிட்டால் சான்றிதழ் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் உள்ளவர்கள் அரசு அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் சேர்ந்து அதைப் பெறலாம். வாகனங்களுக்கு எடுப்பது போன்ற மூன்றாம் நபர் காப்பீடும் நானோவுக்குக் கட்டாயமில்லை. அரை கிலோ ட்ரோன் வாங்குகிறவர், அதன் விலையோடு பயிற்சிக் கட்டணம், கடை மூடிக்கிடக்கும் நாட்கள், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்தேதான் வாங்குகிறார்.

இதில் ஒரு தவறான நம்பிக்கை ஊர் ஊராக உலவுகிறது: '250 கிராமுக்குள் இருந்தால் எதுவுமே வேண்டாம்' என்று. அப்படியில்லை. நானோவுக்கும் பதிவு எண் உண்டு. மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்து வாங்க வேண்டும், விதிகள் சொல்லும் கட்டணம் 100 ரூபாய். விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் வரை போகலாம்.

இந்த நிலைக்கு வந்து சேர்ந்த பாதை வேடிக்கையானது. 2014 மே மாதம் மும்பையில் 'ஃபிரான்செஸ்கோஸ்' என்ற பீட்சா கடை ஒரு ட்ரோனில் பீட்சாவை அனுப்பிப் படம் பிடித்து வெளியிட்டது. நாடே வேடிக்கை பார்த்தது. போலீஸ் விளக்கம் கேட்டது. அதே ஆண்டு அக்டோபர் 7-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், தனியார் யாரும் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று அறிவித்தது. முறையான விதி நடைமுறைக்கு வந்தது 2018 டிசம்பர் 1-ல்தான். நடுவில் இருந்த நான்கு ஆண்டுகளும் தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் ஹெலிகேம் பறக்காமலா இருந்தது? மண்டபத்துக்கு மண்டபம் பறந்தது. கேட்க ஆளில்லை என்பதால் அனுமதி இருப்பதாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்னும் போகவில்லை.

அடுத்த முடிச்சு 2022 பிப்ரவரி 9-ல் விழுந்தது. முழுதாகவோ, பாகங்களைப் பிரித்துக் கொண்டுவந்து பூட்டும் வகையிலோ, வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரிப் பாகங்களுக்குத் தடையில்லை. உலகம் முழுக்கச் சின்ன ஸ்டுடியோக்காரர்கள் எந்தக் கம்பெனி ட்ரோனைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்களோ, அதே கம்பெனியின் புது மாடல் இங்கே நேர்வழியில் வர முடியாது. டிஜேஐயின் 'மினி 4கே' 2024-ல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 25,000 ரூபாய். இங்கே அது கைமாறிக் கைமாறி வரும்போது விலையும் ஏறும், பில்லும் இருக்காது. பில் இல்லாத ட்ரோனுக்கு வாரண்டி கிடையாது. பதிவு எண் வாங்குவதும் சிக்கல். 2021 நவம்பர் 30-க்குள் நாட்டுக்குள் வந்துவிட்டவற்றைப் பதிவு செய்ய ஒரு வாசல் திறந்திருந்தது; அதுவும் எப்போதோ மூடியாயிற்று. முகூர்த்த நேரத்தில் மண்டப வாசலில் ஒரு கான்ஸ்டபிள் வந்து "பேப்பரைக் காட்டுங்க" என்றால், பெண் வீட்டாருக்கு முன்னால் காட்ட எதுவும் இருக்காது.

உள்நாட்டுத் தயாரிப்பு இல்லாமல் இல்லை. '3 இடியட்ஸ்' படத்தில் பறந்த குட்டி ஹெலிகாப்டரைச் செய்தவர்கள் மும்பை ஐஐடியில் படித்த இளைஞர்களின் 'ஐடியாஃபோர்ஜ்' குழு. இன்று அவர்களுடைய வாடிக்கையாளர் ராணுவம். சென்னை எம்ஐடி வளாகத்தில் பிறந்த 'தக்‌ஷா' குழுவுக்கு 2018-ல் நடிகர் அஜித் குமார் ஆலோசகராக இருந்ததும், ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதன் வழிவந்த நிறுவனம் இப்போது வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன்களில் பெயர் வாங்கியிருக்கிறது. சென்னையின் 'கருடா ஏரோஸ்பேஸ்' நிறுவனம் 2022-ல் தோனியை முன்னிறுத்தி 'ட்ரோனி' என்ற கேமரா ட்ரோனை அறிமுகம் செய்தது. இவை தவிர, இந்தியப் பெயரோடு 250 கிராமுக்குள் விற்கிற மாடல்களும் சந்தையில் இருக்கின்றன. உள்ளே இருப்பது யாருடைய சரக்கு என்று ஆராய்வதைவிட, விற்கிறவரிடம் வேறு இரண்டைக் கேட்டுப் பார்ப்பது பயன் தரும். பதிவு எண் எடுத்துத் தருவீர்களா? கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பல் உடைந்தால் எந்த ஊரில், எத்தனை நாளில் சரி செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு 'கூரியர் அனுப்புங்க சார், பார்க்கலாம்' என்று பதில் வந்தால், தை மாத முகூர்த்தங்களில் பாதி போய்விடும். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா ட்ரோன்களுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், 'பில் போட்டால் வரி ஏறிடும்' என்ற பழைய சாக்கும் முன்போல எடுபடாது.

மருந்தடிக்கும் ட்ரோன் என்றதும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டெல்டாவில் ட்ரோன் என்றால் விவசாயிக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் மகளிர் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம் கிடைப்பது அந்த வகைக்கு. கல்யாணம் எடுக்கும் கேமரா ட்ரோனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, கேமராவுக்கு வருவோம். ஐயாயிரம், எட்டாயிரம் ரூபாய்க்கு '4கே' என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு வரும் பொம்மைகளை மூன்று அச்சு கிம்பல் என்ற ஒரே சோதனையில் கழித்துவிடலாம். ட்ரோன் காற்றில் எப்படிச் சாய்ந்தாலும் கேமராவை நேராகப் பிடித்து வைப்பது அந்தச் சின்ன மோட்டார்க் கூட்டம்தான். அது இல்லாத ட்ரோனில் எடுத்ததைக் கல்யாண வீடியோவில் சேர்க்க முடியாது. அதற்கு அடுத்தது சென்சாரின் அளவு. மினி 4கே வகையில் இருப்பது 1/2.3 அங்குலம்; பகலில் குறையில்லை, மாலை மங்கினால் படத்தில் புள்ளி தட்டும். 'மினி 3' வகையில் 1/1.3 அங்குலம், பரப்பில் இரண்டு மடங்குக்கு மேல். ரிசப்ஷன் வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மினி 3-ல் கேமராவே நிமிர்ந்து திரும்பி நெட்டுவாக்கில் எடுக்கும். ஆல்பத்தைவிட ரீல்ஸைப் பற்றித்தான் மாப்பிள்ளையின் நண்பர்கள் அதிகம் விசாரிக்கிறார்கள் என்றால், கூடுதல் மெகாபிக்சலைவிட இது பிழைப்புக்கு உதவும். இரவு அலங்கார விளக்குகள் வீடியோவில் மினுக்காமல் இருக்க ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-ல் பூட்டும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

விளம்பரத்தில் சொல்லாதவை டெல்டாவின் தரையில்தான் தெரியவரும். முதலாவது தண்ணீர். மலிவு ட்ரோன்கள் தாழப் பறக்கும்போது அடிவயிற்றுக் கேமராவால் தரையைப் பார்த்துத் தங்கள் இடத்தைக் கணக்கிடுகின்றன. நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயலிலும் கோயில் குளத்திலும் அந்தக் கணக்கு தவறும். பிடித்துவைக்க ஒரு கோடோ புள்ளியோ கிடைக்காமல் ட்ரோன் நகரும், சமயத்தில் இறங்கும். தம்பதியை வரப்பில் நிற்க வைத்து நீர்மட்டத்தை ஒட்டி எடுக்கும் ஷாட் எல்லோருக்கும் பிடித்தமானது, ட்ரோன் சேற்றில் விழ வாய்ப்பு அதிகமுள்ளதும் அதுவே. சில மீட்டர் உயர்த்திக்கொண்டால் ஆபத்து குறையும். இரண்டாவது கம்பி. இந்த விலையில் பெரும்பாலான ட்ரோன்களுக்கு முன்னால் இருக்கும் தடையை உணரும் கண் கிடையாது. பம்புசெட்டுக்கு வயல் குறுக்கே ஓடும் மின்கம்பி மொபைல் திரையில் தெரியவே தெரியாது. மூன்றாவது தென்னையும் பனையும். சிக்னல் அறுந்தால் ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பிவிடும். எந்த உயரத்தில் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் நாம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தோப்புக்கு நடுவில் 20 மீட்டர் என்று விட்டுவிட்டால் அது மட்டையில் போய்ச் சொருகும். சுற்றியிருப்பதில் எது உயரமோ, செல்போன் கோபுரம் உட்பட, அதற்கு மேல் வைக்க வேண்டும். பருந்துகள் வேறு, தங்கள் எல்லைக்குள் புதிதாக ஒன்று பறந்தால் சும்மா விடுவதில்லை.

காற்று விஷயத்தில் மட்டும் பஞ்சாங்கம் ஸ்டுடியோக்காரருக்குச் சாதகம். இந்தக் குட்டி ட்ரோன்கள் தாங்குவதாகத் தயாரிப்பாளர் சொல்வது வினாடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர் வேகக் காற்றை. ஆடியில் காற்று அதைத் தாண்டி வீசும் நாட்கள் உண்டு. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகைதான் தொல்லை. முகூர்த்தமும் இருக்கும், வடகிழக்கு மழையும் இருக்கும், நனைந்தாலும் தாங்கும் ட்ரோன் இந்த விலையில் இருக்காது.

மினி 4கே வகையின் பெட்டியில் போட்டிருக்கும் 31 நிமிடப் பறக்கும் நேரம் காற்றில்லாத இடத்தில் அளந்தது. கையில் கிடைப்பது இருபது சொச்சம். பத்திரமாக இறங்க மிச்சம் வைத்தால் அதிலும் குறையும். மாப்பிள்ளை அழைப்பு, மண்டப முகப்பு, தாலி கட்டி முடிந்து வெளியே வரும் கூட்டம் என்று எடுக்க மூன்று பேட்டரி வேண்டும். ஆகவே விலையை மூன்று பேட்டரியோடு கேட்டால்தான் கணக்கு சரியாக வரும். ஒரு பேச்சுக்கு எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய் என்று கொள்வோம். ட்ரோனோடு ஆளும் வர ஒரு நிகழ்ச்சிக்கு வாடகை 5,000 என்றால், 18 நிகழ்ச்சிகள்தான் போட்ட முதல். ஆண்டுக்கு ஐந்தாறு ட்ரோன் ஆர்டர் வரும் கடை, கும்பகோணத்திலிருந்து வாடகைக்கு அழைத்துக்கொள்வதே உத்தமம். மூன்று வருடத்தில் முதல் திரும்பும்போது பேட்டரி உப்பியிருக்கும், மாடலும் பழசாகியிருக்கும். ஆண்டுக்குப் பதினைந்து இருபது என்று வந்தால் வாங்கலாம்.

கல்யாணம் போக மனை விற்பனை, செங்கல் சூளை, அரிசி ஆலை, பள்ளி ஆண்டு விழா, கும்பாபிஷேகம் ஆகியவையும் வரும்படிதான். வயலையும் எடுக்கச் சொல்வார்கள். 12 மெகாபிக்சல் குட்டிக் கேமரா 100 மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளிக்குச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் தரையைக் காட்டும். வரப்பு, தேங்கிய நீர், சாய்ந்த சம்பா எல்லாம் தெளிவாகத் தெரியும். இலையைத் தின்னும் புழு தெரியாது. 'படம் காட்டினால் இன்சூரன்ஸ் வந்துவிடும்' என்று மட்டும் விவசாயியிடம் வாக்குக் கொடுக்கக் கூடாது. பயிர்க் காப்பீட்டில் மகசூல் இழப்பைத் தீர்மானிப்பது தனி வயலின் படமல்ல, அந்தப் பகுதிக்கே பொதுவாக நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனை.

எங்கே பறக்கலாம்? விமான நிலையங்களின் வளையத்துக்கு வெளியே, பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். தஞ்சாவூர் விமானப்படைத் தளம் திருப்பனந்தாளிலிருந்து நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்கு மேல். ஆர்டர் தஞ்சைப் பக்கம் வந்தால் கதை வேறு. கிளம்புவதற்கு முன் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கொள்ளிடத்தைத் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம், இந்தப் பக்கம் தாராசுரம். கல்யாணத்துக்கு முந்தைய ஜோடிப் படங்களுக்கு எல்லோரும் கேட்கும் இடங்கள். இரண்டும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அவர்கள் அனுமதி இல்லாமல் ட்ரோனைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. மற்ற கோயில்களில் நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் வடகம் காயவைக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

பலருக்குத் தெரியாத இன்னொரு விதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி எந்த இடத்தையும் ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம் என்பது. பெரிய தலைவர்கள் வரும்போது இது நடக்கும். 2025 ஜூலை 27-ல் பிரதமர் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்தது போன்ற வருகை முகூர்த்த நாளில் அமைந்தால், ட்ரோனுக்கென்று வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதா, வேறு நாளில் எடுத்துத் தருவதா என்று மண்டப வாசலில் வாக்குவாதம் நடக்கும். 'போலீஸ் தடை, மழை, பலத்த காற்று ஆகிய காரணங்களால் ட்ரோன் பறக்க முடியாமல் போனால் அதற்கான தொகை கழிக்கப்படும்' என்று அட்வான்ஸ் ரசீதில் ஒரு வரி அச்சடிக்க, கும்பகோணத்து அச்சகங்கள் தனியாகக் காசு கேட்பதில்லை.

(தொடரும்)