தொட்டிலிலிருந்து கட்டிலுக்கு



குழந்தைக்குப் பெயர் சூட்டவும், சோறூட்டவும், ஏடு தொடக்கவும் நல்ல நாள் பார்ப்பது நம்மவர் வழக்கம். ஆனால் குழந்தையைத் தொட்டிலிலிருந்து இறக்குவதற்கு மட்டும் எவரும் நாள் குறிப்பதில்லை. அடுத்த குழந்தை பிறந்துவிட்டால் மூத்தது இறக்கப்படுகிறது. இல்லையேல் ஒரு நாள் தானே ஏறி விழுந்து, தொட்டிலின் காலம் முடிந்துவிட்டதைத் தெரிவிக்கிறது. இவ்விரண்டையும் விடச் சிறந்த வழி உண்டு என்பதே இன்று நான் சொல்ல விரும்புவது.

யாழ்ப்பாணத்தார் ஏணை என்றும், தமிழகத்தார் தூளி என்றும் வழங்கும் சீலைத் தொட்டில் கைக்குழந்தைக்கு உரியது. குழந்தை கைகளை ஊன்றி எழவும் உட்காரவும் தொடங்கியதும் அதன் பயன் தீர்ந்துவிடுகிறது. உள்ளே எழ முயலும் குழந்தை தலைகீழாய்க் கவிழலாம். சீலையோ கயிறோ கழுத்தில் சுற்றிக்கொள்ளவும் கூடும்.

கிராதி வைத்த மரத்தொட்டில் இன்னும் சில காலம் உதவும். பொதுவாக ஒன்றரை வயதுக்கும் மூன்றரை வயதுக்கும் இடையில் இம்மாற்றம் நிகழ்கிறது. வயதைக் காட்டிலும் உயரமே உறுதியான அளவுகோல். குழந்தையின் உயரம் ஏறத்தாழ 35 அங்குலத்தை, அதாவது 89 சென்ரிமீற்றரை எட்டும்போது, கிராதி காவலாக இராது, ஏறும் படியாகிவிடும். உயரம் எட்டாவிடினும், ஒரு முறை குழந்தை காலைத் தூக்கிக் கிராதியின்மேல் போட்டுவிட்டால், அன்றிரவே மாற்றிவிடுதல் நன்று. கிளினிக்கில் எடுக்கும் அளவுகள் வளர்ச்சிப் பதிவேட்டிலே இருக்கின்றன; அதைப் புரட்டிப் பார்த்தாலே காலம் நெருங்குவது தெரியும்.

இனி, எங்கே படுக்க வைப்பது? கட்டில் இல்லையே என்று எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. நம் பாட்டிமார் விரித்த பாய் மிகப் பாதுகாப்பான படுக்கை. பாயிலிருந்து விழ இடமில்லை. மாத்தளை மாவட்டத்தின் லக்கல போன்ற மலைப்புறங்களில் நக்கிள்ஸ் தொடரின் காற்று இரவில் குளிரைக் கொண்டுவரும். சீமெந்துத் தரையில் பாய்க்கு அடியில் ஒரு சாக்கையோ கம்பளியையோ விரித்தால் போதும். கட்டிலில்தான் படுக்க வேண்டுமெனில் அது தாழ்ந்ததாய் இருக்கட்டும். பெரியவர் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு அச்சமற்றிருப்போர் உண்டு. மெத்தைக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விழுந்தால், அதிலே சிறு உடல் சிக்கிக்கொள்ளும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. தொட்டில் குழந்தைக்குப் படுக்கை மட்டுமன்று, வேலியும் ஆகும். அந்த வேலியை நீக்கிய இரவு முதல், அந்த அறை முழுவதுமே தொட்டிலாகிவிடுகிறது. நாம் உறங்கும்போது குழந்தை எழுந்து நடக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் உறங்கும் குடும்பத்தில், சில எட்டுகளிலேயே அடுப்பு இருக்கும். அதில் அணையாத தணல் இருக்கும். கதவைத் திறந்தால் கானும் படியும் இருக்கும். ஆதலால் கதவின் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தணலை அவித்துவிட்டு உறங்குங்கள். மண்ணெண்ணெய்ப் போத்தலும் மருந்தும் கைக்கெட்டாத இடத்துக்குப் போகட்டும்.

மின்சாரம் நின்ற இரவுகளில் ஏற்றும் குப்பி விளக்கு தனிக் கவனத்துக்குரியது. அது சாய்ந்து உண்டான தீக்காயங்களைக் கண்டு வருந்திய இலங்கை அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, சாயாத விளக்கொன்றை வடிவமைத்தார். அது குட்டையானது, கனமானது. தட்டினாலும் உருளாதவாறு பக்கங்கள் தட்டையானவை. மூடி திருகி இறுக்கப்படுவதால் எண்ணெய் சிந்தாது. இதற்காக 1998இல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. அவ்விளக்கு கிடைக்காவிடினும், விளக்கைத் தரையில் வைக்காதிருப்பது நம் கையில் உள்ளது.

எப்போது மாற்றுவது என்பதில் இன்னுமொரு விதி: இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்யாதீர்கள். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக லக்கலயின் பழைய நகரத்தை விட்டு, 2018இல் திறக்கப்பட்ட புதிய நகரத்துக்கு மக்கள் குடிபெயர்ந்ததை அறிவோம். தோட்டங்களிலும் லயன் அறையை விட்டுத் தனிவீட்டுக்குப் பல குடும்பங்கள் செல்கின்றன. பெரியவருக்கு அது மகிழ்ச்சி; குழந்தைக்கோ பழகிய சுவரும் வாசமும் ஒரே நாளில் மறைகின்றன. அப்போது தொட்டிலையும் பறித்துவிடாமல், புது வீட்டில் சில வாரம் பழைய தொட்டிலிலேயே உறங்கட்டும். தம்பியோ தங்கையோ பிறக்கவிருந்தால், இரண்டொரு மாதம் முன்பே மாற்றிவிடுங்கள். தன் இடத்தைப் பிறர் பிடுங்கிக்கொண்டார் என்ற எண்ணம் பிஞ்சு மனத்தில் விழலாகாது.

முதலில் பகல் உறக்கத்தைப் பாயில் தொடங்குங்கள். பிள்ளைக்காம்பராவில் விடுவோர் அங்குள்ள ஆயம்மாவிடமும் சொல்லிவையுங்கள். வீட்டில் பாயும் அங்கே ஏணையுமானால் குழந்தை குழம்பும். பழைய போர்வையை மாற்றாதீர்கள். தினமும் ஒரே நேரம், ஒரே கதை, ஒரே தாலாட்டு. இரவில் எழுந்து வந்தால் அதட்டாமலும் கொஞ்சாமலும், சுருக்கமாய் இரண்டு சொல் சொல்லி மீண்டும் படுக்க வையுங்கள். பத்து முறை வந்தால் பத்து முறையும் அவ்வாறே. சில நாள்களில் அலைச்சல் அடங்கும்.

ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்துள்ளது. முதலாம் வகுப்பில் மேசையிற் சாய்ந்து உறங்கும் பிள்ளையை மந்தமானவன் என்கிறோம். அவன் மந்தமானவனல்லன், இரவிலே உறங்கக் கற்காதவன். அந்தக் கல்விக்குப் பள்ளி வீடுதான், முதற்பாடம் தொட்டிலை விட்டு இறங்கும் அந்த நாளில்தான். அதற்கும் ஒரு நல்ல நாள் பாருங்கள்.